பெயர் சொல்லாமல் முடிந்த பதில்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஒருவர் தொலைபேசியில் "சரி, சரி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார் என்பதற்காக நான் 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேட்டேன். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, சிரிக்கச் சிரிக்க நாலு கதை சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தால் இது ஒன்றுதான் வருகிறது.

பிள்ளைகளே, என் பெயர் வசந்தி. நீங்கள் இப்போது ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்காரப்போகும் வேலையில்தான் ஓய்வு பெறும்வரை நானும் இருந்தேன். விமான நிலையத்துக் கண்ணாடிக் கோபுரத்தில் இல்லை. ஊரார் வந்து பார்த்து வாய் பிளக்கும் இடம் அது. நான் இருந்தது திரைகள் மட்டும் ஒளிரும் அறையில், தென்சீனக் கடலுக்கு மேலே வந்துபோகும் விமானங்களுக்கு வழி சொல்லும் பிரிவில். பெரும்பாலும் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் காதர் பாய். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், புக்கிட் பாஞ்சாங்காரர். விமானிகளோடு அவர் பேசுவார். அவருக்குத் தேவையான வான்வெளியைப் பக்கத்துப் பிரிவுகளோடு போனில் பேசி நான் வாங்கிக் கொடுப்பேன்.

நாம் சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும், கடைசியில் தன் விமானத்தின் அழைப்புப் பெயரையும் சொல்லி முடிக்க வேண்டும். இதை உங்களுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏ, பி, சி எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று குளியலறையில் ஒப்பித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் நிஜத்தில் என்ன நடக்கும் என்றால், வானம் நெரிசலாக இருக்கும்போது பல விமானிகள் பெயரை விழுங்கிவிடுவார்கள். குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு நாமும் விட்டுவிடுவோம். காதர் பாய் விடமாட்டார். "உங்கள் அழைப்புப் பெயரோடு மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்பார். எதிர்முனையில் பெருமூச்சு கேட்கும். அப்போதும் விடமாட்டார்.

"பாய், பின்னாடி கியூ நிக்குது. இவருக்குப் பேர் வச்சு, காது குத்தி, அப்புறந்தான் அனுப்புவீங்களா?" என்பேன்.

"யாரு பேசுறான்னு தெரியாம நான் எப்படி அனுப்புறது?" என்பார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

வேலையில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. அந்தப் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் போனது. உணவுக்கடையில் நாங்கள் எல்லாரும் கேட்பதை அவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். அவர் மனைவி மும்தாஜ் கடையில் வாங்கவேண்டியதை போனில் சொன்னால், "கொத்தமல்லி, புதினா, தேங்காய்ப்பால் ரெண்டு, காதர்" என்று முடிப்பார். "என்னமோ நாலு புருஷன் இருக்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் பேர் சொல்றாரு!" என்று மும்தாஜ் என்னிடம் தலையில் அடித்துக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகும் மாறவில்லை. சனிக்கிழமைகளில் நான் பாசிர் ரிஸிலிருந்தும் அவர் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்தும் எம்ஆர்டி ரயில் பிடித்து டெக்கா சந்தைக்கு வருவோம். தேநீர் குடித்து, பழைய மேலதிகாரிகளைக் கொஞ்சம் திட்டிவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். கிளம்பும் முன் போன் செய்தால், "டெக்கா, வழக்கமான மேசை, பதினோரு மணி, காதர்" என்பார். நானும் வேண்டுமென்றே "வசந்தி" என்று முடிப்பேன்.

இப்போது ஒரு விமானத்தின் கதைக்கு வருகிறேன். அது எந்த நிறுவனத்துடையது என்று சொல்ல மாட்டேன். அழைப்புப் பெயரைக்கூட மாற்றித்தான் சொல்கிறேன். சில்வர் கைட் செவன் ஃபோர் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு விமானம், உள்ளே இரண்டு விமானிகள் மட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், திரையில் பெரிய கூட்டமில்லை. எங்கள் பகுதிக்குள் நுழைந்தபோது அதன் கேப்டன் முறையாகத்தான் பேசினார். பெயர் முழுசாக வந்தது.

சற்று நேரம் கழித்து காதர் பாய் அவருக்கு வழியை மாற்றிக் கொடுத்தார். கேட்டுக்கொண்டேன் என்பதற்கு "ரோஜர், ரோஜர்" என்று மட்டும் பதில் வந்தது. திருப்பிச் சொல்லவில்லை, பெயரும் இல்லை. எதிர்பார்த்தபடியே காதர் பாய், "அழைப்புப் பெயரோடு மறுபடி சொல்லுங்கள்" என்றார்.

அந்தக் கேப்டன் சிரித்தார்.

கேலிச் சிரிப்பு இல்லை. நண்பர்களோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறவன் சிரிப்பு. "சில்வர்... சில்வர்..." என்று ஆரம்பித்து மறுபடி சிரித்தார். அதே அலைவரிசையில் இருந்த வேறொரு விமானி, "யாருக்கோ இன்றைக்கு நல்ல நாள்" என்று ஆங்கிலத்தில் கிண்டலடித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. குடித்துவிட்டு ஓட்டுகிறானா என்ற சந்தேகமும் வந்தது. காதர் பாய் மூன்றாம் முறையாகக் கேட்டார். இந்த முறை சிரிப்பு மட்டும் வந்தது. அதற்குப் பின்னால் ஏதோ ஒரு மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

காதர் பாயைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது.

"வசந்தி, இவன் விளையாடல. இவனால சொல்ல முடியல. கீழ யாரு இருக்கா பாரு, எல்லாரையும் ஒதுக்கு."

எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற மேற்பார்வையாளர், "நலமா என்று கேளுங்கள்" என்றார். காதர் பாய் கேட்டார். "அருமை! எல்லாம் அருமை!" என்று பதில் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக. வானத்தில் அவ்வளவு உயரத்தில் ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கிறான், அது அவனுக்குத் தெரியவில்லை, கேட்டால் அருமை என்கிறான்! நீங்களும் அந்தப் பயிற்சிப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே காற்று மெல்லக் கசிந்து பிராணவாயு குறைந்தால் மூச்சு முட்டாது, வலிக்காது. உற்சாகமாக இருக்கும். அப்படியே மயக்கம், அப்படியே சாவு. நாங்களும் பார்த்த படம்தான். ஆனால் நிஜத்தில் அதைக் கேட்டபோது எனக்கு அந்தப் படம் ஞாபகம் வரவில்லை, குடிகாரன்தான் ஞாபகம் வந்தான்.

அதன் பிறகு காதர் பாய் பேசியதைக் கவனியுங்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நீளமாக ஒரு வாக்கியமும் பேசவில்லை. "மாஸ்க் போடு," என்றார். பதில் இல்லை. மறுபடி, "மாஸ்க் போடு." சிரிப்பு. அதை விட்டுவிட்டார். "கீழே இறங்கு," என்றார். "இறங்கு. உயரக் குமிழைத் திருப்பு. இறங்கு." குரலை உயர்த்தவில்லை, அவசரப்படுத்தவில்லை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலைதான். இந்தப் பக்கம் நான் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு கீழே இருந்த விமானங்களை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தேன். என் கண் மட்டும் திரையில் அந்த விமானத்தின் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த உயர எண்ணிலேயே இருந்தது. அது அசையவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது. அந்த மணிச் சத்தம்கூட வரவில்லை. அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு அந்த எண் மாறியது.

மாறிக்கொண்டே வந்தது. எப்படியோ அவர் கை குமிழைத் திருப்பியிருக்கிறது, விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. காதர் பாய் நிறுத்தவில்லை, "இறங்கு, இறங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழனிமலைப் படியில் ஆள் ஏற்றுகிறவர் மாதிரி என்று பின்னாளில் நான் கிண்டலடித்திருக்கிறேன். அன்று எனக்குக் கிண்டலுக்கெல்லாம் நாக்கு வரவில்லை. கனமான காற்று இருக்கும் உயரத்துக்கு வந்த பிறகு முதலில் ஒரு இருமல் கேட்டது. அப்புறம் "கிலோ" என்று ஒரு சொல். அப்புறம், ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதுபோல, "சில்வர் கைட்... செவன்... ஃபோர்... கிலோ." காதர் பாய் மைக்கை அணைத்துவிட்டு மேசைமேல் தலையை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. முன்பே மயங்கிக் கிடந்த துணை விமானியும் சேர்த்து, இரண்டு பேரும் உயிரோடு சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள்.

எனக்கு உண்மையான அதிர்ச்சி அன்றைக்கு இல்லை. சில நாள் கழித்து அந்தக் கேப்டன் எங்களைப் பார்த்து நன்றி சொல்ல வந்தார். கை குலுக்கினார், கண் கலங்கினார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நீங்கள் ஏன் திரும்பத் திரும்ப அழைப்புப் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்? நான்தான் ஒவ்வொரு முறையும் முழுசாகச் சொன்னேனே?" என்றார்.

அன்றைய குரல்பதிவைப் போட்டுக் காட்டினோம். தலையைச் சாய்த்து கவனமாகக் கேட்டார். முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"யார் அது, சிரிப்பது?"

அவருக்கே புரிந்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று வெளியே வந்ததும் காதர் பாய் என்னிடம் சொன்னார்: "பயமா இருக்கு வசந்தி. அவன் மனசுக்குள்ள எல்லாத்தயும் சரியாத்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்கான்."

இப்போது போன மாதச் சனிக்கிழமை.

நான் டெக்காவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டேன். எங்கள் வழக்கமான மேசையில் ஒரு குடும்பம் தோசையும் பிள்ளைகளுமாக உட்கார்ந்திருந்தது. மீன் சந்தைப் பக்கம் ஒரு மேசையைப் பிடித்து, பையை வைத்துவிட்டு காதர் பாய்க்கு போன் போட்டேன்.

"பாய், கெளம்பிட்டீங்களா? நம்ம மேசையில ஆளு இருக்கு. மீன் மார்க்கெட் பக்கம் வந்துடுங்க."

"சரி, சரி."

காத்திருந்தேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. "மீன் மார்க்கெட்" என்று திருப்பிச் சொல்லவும் இல்லை, கடைசியில் "காதர்" என்ற பெயரும் இல்லை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை காலம் கிண்டலடித்ததற்கு இன்றைக்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். "என்ன பாய், பேரை ரயில்ல விட்டுட்டீங்களா?"

அவர் சிரித்தார்.

பிள்ளைகளே, அந்தச் சிரிப்பு காதர் பாயுடையது இல்லை. அவர் சிரித்தால் கடைசியில் ஒரு இருமலும், "அல்லா" என்று ஒரு முனகலும் வரும். இது நிற்காமல் ஓடும் சிரிப்பு. கவலையே இல்லாத சிரிப்பு. இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன், வேறு ஒருவர் வாயிலிருந்து. சந்தையின் சத்தம் முழுக்க எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

"நல்லா இருக்கீங்களா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"பாய், நான் எந்தப் பக்கம் இருக்கேன்னு சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க."

"சரி லா... அது வந்து... அது... சரி."

மும்தாஜ் தெம்பனிஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார் என்பது எனக்குத் தெரியும். போனில் ரயில் சத்தம் இல்லை, பாய் இன்னும் வீட்டில்தான், தனியாக இருக்கிறார். இந்த அழைப்பைத் துண்டித்தால் அவர் மறுபடி எடுப்பார் என்று நிச்சயமில்லை. தேநீர்க் கடைக்கார அக்காவிடம் கையை நீட்டினேன்.

"அக்கா, உங்க போனைக் குடுங்க. அவசரம்."

"ஏன் லா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்துவிட்டார். ஒரு காதில் காதர் பாய், இன்னொரு காதில் 995. பழைய வேலை மாதிரியே.

அவருக்கு நினைவு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். பேசுகிறாரா என்று கேட்டார்கள். பேசுகிறார், சிரிக்கிறார் என்றேன். சொல்லும்போதே எனக்கு எவ்வளவு அபத்தமாகக் கேட்டது தெரியுமா? ஒருவேளை மனிதர் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார் என்றால்? ஆம்புலன்ஸ் போய் நிற்க, அவர் லுங்கியோடு கதவைத் திறந்து, அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தால்? வாழ்நாள் முழுக்க என்னைக் கிண்டலடிப்பார். அடிக்கட்டும் என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன். "பக்கவாதம் என்று நினைக்கிறேன். நான் சொல்வதை அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அவர் ஒருநாளும் சொல்லாமல் விடாதவர்," என்றேன். முகவரியைக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற கடைக்கார அக்காவின் கண்ணில் நீர் நின்றது. அவருக்கும் காதர் பாயைத் தெரியும், தேநீர் கேட்டாலும் பெயரோடு முடிப்பவராயிற்றே.

அடுத்தது கதவு. ஆம்புலன்ஸ் வந்தாலும் யார் திறப்பது?

"பாய், எந்திரிங்க."

"சரி, சரி."

"எந்திரிங்க." நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "கதவுக்குப் போங்க. கதவு. கதவு." ஏதோ கீழே விழுந்து உடைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர் மூச்சு விடுவது கேட்டது. "கதவு, பாய். சாவியத் திருப்புங்க. திருப்புங்க." எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. மேசைகளில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு இரும்புக் கதவு கிறீச்சிடும் சத்தம். "உட்காருங்க. தரையில உட்காருங்க." போன் தரையில் மோதியது.

அதன் பிறகு ஒன்றும் இல்லை. சில்வர் கைட் பேசாமல் போனபோது எப்படி இருந்ததோ அப்படி. இங்கே பார்த்துக்கொண்டிருக்க ஒரு எண்கூட இல்லை. "பாய், பாய்" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அப்போது தூரத்தில் ஒரு பெண் குரல், "பக்சிக்! பக்சிக்!" என்று பதறியது. பக்கத்து வீட்டு மலாய்ப் பெண், அவரை மாமா என்று கூப்பிடுகிறவர். திறந்த கதவையும் கீழே கிடந்தவரையும் பார்த்து ஓடிவந்திருக்கிறார். அவர் போனை எடுத்ததும் ஆம்புலன்ஸ் வருகிறது, பக்கத்திலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு, கடைக்கார அக்காவின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அந்த அக்காதான் எண்ணை வாங்கி மும்தாஜோடு பேசினார்.

சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று மருத்துவர் சொன்னார். வலது கை இன்னும் சரியாக வரவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. போன வாரம் போயிருந்தேன். மும்தாஜ் ஒரு பக்கம் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். காதர் பாய் என்னைப் பார்த்ததும், வாய் கொஞ்சம் கோணினாலும், பழைய அதிகாரத்தோடு பேசினார்.

"ஏன் வசந்தி... அன்னிக்கு எதுக்கு அப்படிக் கலாட்டா பண்ணின? மீன் மார்க்கெட் பக்கம், பதினோரு மணி, காதர்... நான்தான் முழுசா சொன்னேனே?"

மும்தாஜ் கையில் கரண்டி அப்படியே நின்றது. எல்லாரிடமும் பெயரைக் கேட்டு வாங்கிய மனிதர், அந்தக் கேப்டனின் முகத்தை என்னோடு நின்று பார்த்த மனிதர், அதே வார்த்தைகளைச் சொல்கிறார். ஆமாம் பாய், சொன்னீங்க என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் காதர் பாயிடம் பொய்யான பதிலைக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

"இல்ல பாய். சொல்லல."

அவர் என்னையே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு பயம் மெல்ல ஏறுவதை நான் பார்த்தேன். அவருக்கும் அந்தக் கேப்டன் ஞாபகம் வந்துவிட்டார் என்று தெரிந்தது.

"நான்... சிரிச்சேனா?"

"சிரிச்சீங்க."

கண்ணை மூடிக்கொண்டார். மும்தாஜ் புடவைத் தலைப்பால் அவர் கன்னத்தைத் துடைத்தார். பிறகு காதர் பாய் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"புதுசா வந்திருக்கிற பிள்ளைங்ககிட்ட... சொல்லு. ஒருத்தன் தன்னைப் பத்திச் சொல்றத... நம்பாதீங்கன்னு. நல்லா இருக்கியான்னு கேக்காதீங்க. திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. சொல்லலன்னா... ஒண்ணொண்ணா... கீழ இறக்குங்க."

"சொல்றேன் பாய்," என்று எழுந்தேன்.

அவர் என் மணிக்கட்டை விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுபடி உட்கார்ந்தேன்.

"ஒருத்தன் தன்னைப் பத்திச் சொல்றத நம்பக்கூடாது. நல்லா இருக்கியான்னு கேக்கக்கூடாது. திருப்பிச் சொல்லச் சொல்லணும். சொல்லலன்னா ஒண்ணொண்ணா கீழ இறக்கணும். வசந்தி."

கையை விட்டார்.